வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பத்து நாள், நைட் ஷிப்ட், அம்மாவின் டிரஸ்ஸிங்

குழு: கிருஷ்ணகிரி வீடு

தம்பி (இரவு 8:50): அனைவருக்கும் ஸ்தோத்திரம். இந்த வருஷமும் வி.பி.எஸ். டைரக்டர் பொறுப்பை சபைக் கமிட்டி என்னிடமே கொடுத்திருக்கிறது. மே முதல் வாரம் தொடங்கிப் பத்து நாள். ஜெபித்துக்கொள்ளுங்கள்.

பர்கூர் அக்கா: ஜெபிக்கிறேன். மே மாதம் அம்மா உன் வீட்டில். கால் புண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டிரஸ்ஸிங். பொங்கலுக்கே பேசி முடித்தோமே, மறந்துபோச்சா?

தம்பி: மறக்கவில்லை அக்கா. வகுப்பு முடிய பன்னிரண்டரை ஆகும். அப்புறம் கூட்டிப்போகிறேன்.

பர்கூர் அக்கா: அந்த நேரத்துக்கு ஓ.பி.யில் யார் இருப்பார்கள்? காலையிலேயே போய் வரிசையில் உட்கார்ந்தால்தான் ஆகும்.

தம்பி மனைவி: அண்ணி, நானே கூட்டிப்போவேன். ஆனால் மாங்கூழ் ஆலையில் சீசன் தொடங்கிவிடும், கணக்குப் பிரிவுக்கு லீவு கிடையாது. இவருக்கும் அந்த வாரம் நைட் ஷிப்ட். ஓசூரிலிருந்து கம்பெனி பஸ் வந்து இறக்கிவிட்டதும் குளித்துவிட்டு நேராக சர்ச்சுக்குப் போய்விடுவார். போன வருஷம் ஆக்ஷன் சாங் நடக்கும்போது கையைத் தூக்கியபடியே கண் சொக்கி நின்றார். முன்வரிசைப் பிள்ளைகள் அதையும் ஆக்ஷன் என்று நினைத்துச் செய்தார்கள்.

தம்பி: இதை இங்கே சொல்லணுமா 😄 அப்போஸ்தலர் பவுல் கூடாரத் தொழில் செய்துகொண்டேதானே ஊழியம் செய்தார்? இரவும் பகலும் வேலை செய்தோம் என்று தெசலோனிக்கேயருக்கு அவரே எழுதுகிறார்.

பர்கூர் அக்கா: பவுலுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது தம்பி. அம்மாவுக்கு டிரஸ்ஸிங்கும் கிடையாது. மாற்கு 7 படி. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’ என்று காணிக்கைக் கணக்கில் எழுதியவர்களை இயேசு என்ன சொன்னார் என்று பார்.

அம்மா: 🎤 குரல் பதிவு 0:41

பர்கூர் அக்கா: அம்மா சொல்வது, என் காலுக்காக ஊழியத்தை நிறுத்தாதே, பத்து நாளில் கால் எங்கேயும் ஓடிப்போகாது. அம்மா, அது சர்க்கரைக் கால். இந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

சந்தூர் மாமா (இரவு 10:05): இப்போதுதான் தோப்பிலிருந்து வந்தேன். எல்லாம் படித்தேன். மாப்பிள்ளை, மாமனார் என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன். யாத்திராகமம் 18. மோசேயின் மாமனார் எத்திரோ வருகிறார். காலையிலிருந்து சாயங்காலம்வரை மோசே ஒற்றை ஆளாக உட்கார்ந்து நியாயம் விசாரிப்பதைப் பார்த்து, நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது, பத்து பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொல்கிறார். இதுவரை எல்லாப் பிரசங்கத்திலும் வரும். அந்த அதிகாரத்தின் ஆரம்பத்தைத்தான் யாரும் தொடுவதில்லை. எத்திரோ சும்மா வரவில்லை. தன் வீட்டில் இருந்த மகள், மோசேயின் மனைவி சிப்போராளையும் இரண்டு பேரன்களையும் மோசேயிடம் கொண்டுவந்து விடத்தான் வனாந்தரம்வரை வந்தார்.

தம்பி மனைவி: அப்பா 🙏

தம்பி: சரிங்க மாமா, ஆனால் ஆள்? கமிட்டியில் கேட்டால் எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். சர்ச்சுக்கே வராத வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் நான் தெருத் தெருவாகப் போய்ப் பேசுவதால்தான். அதை விட மனசு வரவில்லை.

சந்தூர் மாமா: அதை விடச் சொல்லவில்லையே. அந்த வேலை உங்களுக்குத்தான் வரும், சாயங்காலத்தில் செய்யலாம். பதிவு, சுண்டல், பரிசு, மைக் செட் எல்லாம் ஏன் உங்கள் கையில்? “யாராவது வாருங்கள்” என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள், பேர் சொல்லிக் கேளுங்கள். தோப்புக்கு வரும் புதுப் பையன் காம்பை விட்டுவிட்டுக் காயைப் பறிப்பான். பால் வடிந்து தோல் கறுத்துவிடும், மண்டியில் விலை போகாது. அதற்காக எல்லா மரத்திலும் நானே ஏறினால் காய் மரத்திலேயே பழுத்து விழும். கற்றுக்கொடுத்துத்தான் ஆகணும்.

அக்கா மகன்: மாமா, ஜூனியர் வகுப்பை எனக்குக் கொடுங்கள். செமஸ்டர் லீவுதான். தினமும் பர்கூரிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவேன். ஆக்ஷன் சாங் மட்டும் வேண்டாம்.

பர்கூர் அக்கா: வீட்டில் குடித்த டம்ளரை எடுத்துவைக்க மாட்டான். கூட்டிப்போ தம்பி, சுண்டல் பாத்திரமும் அவனே கழுவட்டும்.

தம்பி (இரவு 10:40): நம் சபையில் ரிட்டையர்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார். டைரக்டர் பொறுப்பை அவரிடம் கேட்கலாம் என்று சபைப் போதகர் ஐயரிடம் இப்போதுதான் போனில் பேசினேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரில் கேட்கிறேன். டிரஸ்ஸிங் நாட்களில் காலையில் அம்மாவோடு நான். மற்ற நாட்களில் ஒரு வகுப்பு, அவ்வளவுதான். கடைசி நாள் நிகழ்ச்சிக்கு மட்டும் முழு நேரம்.

தம்பி மனைவி: தூக்கம் எப்போது?

தம்பி: சூப்பர்வைசரிடம் ஷிப்ட் மாற்றிக் கேட்கிறேன். கிடைக்காவிட்டால் டிரஸ்ஸிங் இல்லாத நாட்களிலும் பாதி நாள் சர்ச்சுக்குப் போக மாட்டேன், போதுமா?

தம்பி மனைவி: எழுத்தில் வந்துவிட்டது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு.

சந்தூர் மாமா: பிள்ளைகளுக்கு இரண்டு கூடை செந்தூரா மாம்பழம் அனுப்புகிறேன். கல் போட்டது இல்லை, வைக்கோலில் பழுக்கவைத்தது. கூடைகளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், போன வருஷக் கூடையே இன்னும் வரவில்லை.