காட்டு வான்கோழிகள் தோட்டத்துக்குள் வராமல் இருக்க என்ன செய்வது?

கீரைப்பாத்தி எழுதியது:
வணக்கம். மாசசூசெட்ஸில், பாஸ்டனுக்கு மேற்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். பின்பக்கம் மூன்று பாத்தி போட்டு வெந்தயக்கீரை விதைத்தேன், கத்தரி நாற்று போன வாரம்தான் நட்டேன். தினமும் காலை ஆறரைக்கெல்லாம் ஐந்து வான்கோழிகள் வந்துவிடுகின்றன. முளைவிட்ட கீரையைக் காலால் சீய்த்துத் தள்ளிவிட்டு, பாத்தி நடுவில் சோற்றுச்சட்டி அகலத்துக்குக் குழி பறித்து அதில் புரண்டு மண்ணை வாரி இறைத்துக்கொள்கின்றன. நேற்றுப் பார்த்தால் நான்கு கத்தரி நாற்று அறுபட்டுக் கிடக்கிறது. அதிலே பெரிய சேவல் ஒன்று காரின் கதவைக் கொத்திக் கொத்திப் பெயின்ட் போய்விட்டது. என் ஆறு வயது மகள் பள்ளிப் பேருந்துக்குப் போகவே அழுகிறாள், எனக்கு அதுதான் பெரிய கவலை. அவற்றைக் கொல்லும் எண்ணம் இல்லை, வராமல் இருந்தால் போதும்.

பழைய மண்வெட்டி எழுதியது:
முதலில் ஒன்று பாருங்கள், உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ யாராவது பறவைகளுக்குத் தீனிக்கூடு தொங்கவிட்டிருக்கிறார்களா? எங்கள் தெருவில் அதுதான் காரணம். கூட்டில் குருவி தின்னும், கீழே சிந்துகிற சூரியகாந்தி விதைக்கு வான்கோழி வரும், வந்த கால் அப்படியே நம் பாத்திக்கும் வரும். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போய்ப் பக்குவமாகச் சொன்னோம், கோடை முடியும்வரை கழற்றி வைத்துவிட்டார், கீழே கிடந்ததையும் பெருக்கி எடுத்தோம். பத்து நாளில் வரத்து நின்றுவிட்டது.

காரைக் கொத்துவது, பளபளப்பில் தன் உருவத்தைப் பார்த்து இன்னொரு சேவல் என்று நினைத்துத்தான். பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடுங்கள். மகள் விஷயம்: வான்கோழிக் கூட்டத்துக்குள் யார் பெரியவன், யார் சின்னவன் என்ற வரிசை உண்டு, பயந்து பின்வாங்குகிற மனிதரையும் சின்னவன் கணக்கில் சேர்த்துவிடும். அதனால் நீங்கள் பிள்ளையோடு கூடப் போய், துடைப்பத்தை ஓங்கிச் சத்தம் போட்டு இரண்டு அடி முன்னே வையுங்கள், இல்லாவிட்டால் ஹோஸில் தண்ணீர் பீய்ச்சுங்கள். ஒருநாள் விரட்டி மறுநாள் ஒதுங்கிப் போனால் பலிக்காது, வீட்டில் எல்லாரும் தினமும் செய்ய வேண்டும்.

ஓக் மரத்தடி எழுதியது:
கத்தரி நாற்று அறுபட்ட பழியை வான்கோழி மேல் போடாதீர்கள். தரையை ஒட்டி அறுபட்டு, இலை தின்னப்படாமல் சாய்ந்து கிடந்தால் அது வெட்டுப்புழு, இரவு வேலை. வான்கோழி இருட்டினால் மரத்தில் ஏறி அடைந்துவிடும். பகலில் கண்ணில் படுவதால் முயல், மர்மோட் (வளை தோண்டி வாழும் பெரிய அணில் இனம்) தின்றதற்கும் அதுதான் பழி சுமக்கிறது. நாற்றைச் சுற்றி ஓர் அங்குல ஆழம் மண்ணைக் கிளறிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. காட்டை அழித்தும் வேட்டையாடியும் 1851-க்குள் இந்த மாநிலத்தில் ஒரு காட்டு வான்கோழிகூட இல்லாமல் போயிருந்தது. 1972, 73-இல் நியூயார்க்கிலிருந்து 37 பறவைகளைக் கொண்டுவந்து பெர்க்‌ஷயர் மலைப்பக்கம் விட்டார்கள், இன்று பல ஆயிரமாகப் பெருகிவிட்டன. எனக்கு அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷம்தான். வேட்டைக்கு உரிமமும் பருவமும் உண்டு, விஷம் வைப்பது குற்றம். நீங்கள் கொல்ல வேண்டாம் என்றது மனசுக்கு நிறைவாக இருந்தது.

கீரைப்பாத்தி எழுதியது:
கரண்டியால் கிளறினேன், சாம்பல் நிறத்தில் சுருண்டு இரண்டு புழு! வான்கோழியைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் தீனிக்கூடும் இருக்கிறது, சனிக்கிழமை போய்ப் பேசுகிறேன். மறுபடி வெந்தயம் விதைத்தால் எப்படிக் காப்பாற்றுவது?

வலைவேலி எழுதியது:
விதைத்த அன்றே மூடிவிடுங்கள். பாத்திக்குக் குறுக்கே பிளாஸ்டிக் குழாயை வில்லாக வளைத்துக் குத்தி, அதன்மேல் கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பிவலையை இழுத்துக் கட்டுங்கள். மெல்லிய நைலான் வலையைத் தளர்வாகப் போட்டால் பாம்பும் குருவியும் சிக்கித் தவிக்கும், ஒருமுறை கத்தரிக்கோலால் ஒரு பாம்பை விடுவித்த பிறகு நான் அதைத் தொடுவதே இல்லை. கீரை ஒரு சாண் வளர்ந்தால் வலையை எடுத்துவிடலாம். மண்குளியல் குழியைத் தூர்த்து, மேலே தட்டைக் கற்களை நெருக்கிப் பரப்புங்கள். அசைவு தெரிந்தால் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் கருவி கடைகளில் கிடைக்கிறது, ஆனால் வாரம் ஒருமுறை இடம் மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் பழகிப்போகும். கத்தரிக்குக் காகிதக் கப்பின் அடியை வெட்டிவிட்டுத் தண்டைச் சுற்றி மண்ணில் பாதி புதைத்தால் வெட்டுப்புழு அண்டாது.