ஏழு கணக்கில் சிதறிக் கிடக்கும் மைல்கள்: எதை முதலில் கரைப்பது?

சாளர_இருக்கை:

வணக்கம். சான் பிரான்சிஸ்கோ–சென்னை, குடும்பத்தில் மூன்று பேர் (பிள்ளைக்கு 6 வயது). எந்த வருடம் எது மலிவோ அதில் டிக்கெட் போட்டதால் என் பெயரில் உள்ள மைல்கள் (பறப்பதற்கு ஏர்லைன்கள் தரும் வெகுமதிப் புள்ளிகள்) ஒவ்வோர் ஏர்லைனின் திட்டத்திலும் இப்படி நிற்கின்றன:

சிங்கப்பூர் கிரிஸ்ஃப்ளையர் 23,400 (அதில் 8,000 மூன்று மாதத்தில் காலாவதி)
கத்தார் ஏவியோஸ் 16,500
பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஏவியோஸ் 11,000
அமெரிக்கன் அட்வான்டேஜ் 27,000 (கடைசியாக ஏதாவது சேர்ந்து 20 மாதம் ஆகிறது)
யுனைடெட் 14,000
எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸ் 9,200
ஏர் இந்தியா மகாராஜா கிளப் 4,100

இதைத் தவிர சேஸ் வங்கியின் கிரெடிட் கார்டில் 30,000 பாயிண்ட். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்க வழி உண்டா? இல்லையென்றால் எதில் தொடங்குவது? இன்னொன்று: பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. ஒவ்வொரு கணக்கிலும் பெயர் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. அதனால் சிக்கல் வருமா?

கணக்குப்பிள்ளை:

ஒரே இடத்தில் சேர்க்க முடியாது. பாயிண்டை மாற்றித் தருகிறோம் என்று சில தளங்கள் உண்டு. அவற்றில் போட்டதில் பெரும்பகுதி கரைந்துபோகும். அந்தப் பக்கமே போக வேண்டாம். உங்கள் பட்டியலில் நிஜமாகவே ஒன்று சேரக்கூடியவை கத்தாரும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் மட்டும்தான். 2022-ல் கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியோஸ் என்ற மைலுக்கு மாறியதிலிருந்து இரண்டிலும் ஓடுவது ஒரே நாணயம். 1-க்கு 1, கட்டணம் கிடையாது, உடனே போய்ச் சேரும், திரும்பவும் கொண்டுவரலாம். ஆக உங்களிடம் இருப்பது 16,500-உம் 11,000-உம் அல்ல, 27,500.

அடுத்தது காலாவதி. பெரிய தொகை எது என்று பார்க்காமல், எது முதலில் சாகும் என்று பாருங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் விதி வேறு:

கிரிஸ்ஃப்ளையர்: சேர்ந்த மாதத்திலிருந்து 36 மாதம், அவ்வளவுதான். நடுவில் பத்து முறை பறந்தாலும் பழைய மைலின் ஆயுள் நீளாது. பலரும் ஏமாறுவது இங்கேதான்.

ஸ்கைவார்ட்ஸ்: மூன்றாவது ஆண்டில் உங்கள் பிறந்த மாதத்தின் கடைசி நாள். பிறந்தநாள் எப்போது என்று சொல்லவில்லை. கணக்குக்குள் போனால் தேதி தெரியும்.

ஏவியோஸ்: 36 மாதம் எந்த அசைவும் இல்லாவிட்டால்தான் போகும்.

அட்வான்டேஜ்: 24 மாதம் அசைவு இல்லாவிட்டால் மொத்தமும் போகும். உங்களுக்கு நான்கு மாதம் பாக்கி.

யுனைடெட்: 2019-லிருந்து காலாவதியே இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் வேலை அட்வான்டேஜ், ஏனென்றால் அது பத்து நிமிட வேலை. அவர்களுடைய ஷாப்பிங் தளத்தில் உள்நுழைந்து, அங்கிருந்து ஏதாவது கடைக்குப் போய், எப்படியும் வாங்கப்போகிற சாமான் ஒன்றை வாங்குங்கள். 20 மைல் விழுந்தாலும் 24 மாதம் புதிதாக ஓடத் தொடங்கும். ஆனால் நீங்கள் வாங்கிய தேதியைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், மைல் கணக்கில் ஏறிய தேதிதான் செல்லும். சில கடைகளில் அதற்கே வாரக்கணக்கில் ஆகும். நாலாவது மாதத்தின் கடைசி வாரம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

மகாராஜா கிளப்பின் 4,100-க்காக நேரம் செலவழிக்க வேண்டாம். அடுத்து ஏர் இந்தியாவில் பறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மேற்குவாசல்:

கிரிஸ்ஃப்ளையர் 8,000 பற்றி. மூன்று வழி இருக்கு.

(அ) காலாவதிக்கு முன்னால டிக்கெட் எடுத்துட்டா போதும், பறக்கிறது பிறகு இருக்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 355 நாள் முன்னாலேயே டிக்கெட் திறக்குது. எடுக்கும்போது பழைய மைல்தான் முதல்ல கழியும், அதனால 8,000-உம் தானா காலியாகும். பிறகு ரத்து பண்ணினா? கட்டணம் போகும், அது சரி. காலாவதி தேதி தாண்டியிருந்தா அந்த 8,000 திரும்பி வராது. நிச்சயமான தேதிக்கு மட்டும் எடுங்க.

(ஆ) நீட்டிப்பு. 10,000 மைலுக்கு 12 டாலர், இல்லேன்னா 1,200 மைல். சாதாரண உறுப்பினருக்கு ஆறு மாசம் கிடைக்கும். காலாவதி ஆகுறதுக்கு முன்னால கேட்கணும், ஒரே ஒரு தடவைதான்.

(இ) காசு டிக்கெட் எடுக்கும்போது ஒரு பகுதியை மைலால கட்டுறது. மைலுக்கு ஏறக்குறைய ஒரு சென்ட் கிடைக்கும். மோசம்னு சொல்வாங்க. ஆனா செத்துப்போற மைலுக்கு ஒரு சென்ட்டும் லாபம்தான்.

காத்திருப்புப் பட்டியலை நம்பி இருக்காதீங்க. பட்டியல்ல இருக்கிற வரைக்கும் மைல் கழியாது. கழியலேன்னா காலாவதியும் நிக்காது.

கிரிஸ்ஃப்ளையரை விடாம வச்சிருக்க ஒரு காரணமும் உண்டு: தங்களோட சொந்த விமானத்துல மைல் டிக்கெட்டுக்கு 2017-லேருந்து எரிபொருள் சர்சார்ஜ் (ஏர்லைன் தனியா போடுற கூடுதல் கட்டணம்) வாங்குறதில்லை. விமான நிலைய வரி மட்டும்தான். எமிரேட்ஸ்லயும் பிரிட்டிஷ் ஏர்வேஸ்லயும் சென்னைக்கு மைல் டிக்கெட் போட்டுப் பாருங்க, "இலவச" டிக்கெட்டுக்கு எத்தனை நூறு டாலர் கட்டச் சொல்றாங்கன்னு தெரியும்.

நடு_இருக்கை:

பெயர் விஷயத்தை யாரும் தொடவில்லை. மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன்னால் முடிக்க வேண்டியது அதுதான்.

தமிழ்ப் பெயர்களுக்கு இது பரம்பரைச் சிக்கல். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் சர்நேம் இடத்துக்குப் போய், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று உட்கார்ந்திருக்கும். அப்புறம் ஒரு டிக்கெட்டில் எஃப்என்யூ, இன்னொன்றில் அதே பெயர் இரண்டு தடவை, மூன்றாவதில் அப்பா பெயர் சர்நேமாக, நான்காவதில் வெறும் 'எஸ்'. மைல் கணக்கையும் அந்தந்த நேரத்தில் தோன்றியபடி திறந்திருப்போம்.

விளைவு இரண்டு. ஒன்று, டிக்கெட்டில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் மைல் தானாக ஏறாது. இரண்டு, ஏவியோஸ் கணக்குகளை இணைக்கும்போது பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் மூன்றும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் இணையாது. எது தவறு என்றும் பெரும்பாலும் சொல்லாது.

செய்ய வேண்டிய வரிசை:

இப்போது கையில் இருக்கும் பாஸ்போர்ட்டையும் விசா அல்லது கிரீன் கார்டையும் எடுத்துவைத்து, டிக்கெட்டில் இனி எந்த வடிவம் என்று முடிவு செய்யுங்கள். எல்லாக் கணக்குக்கும் அதுவே. பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது பெயரைப் பிரித்து சர்நேம் போடும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடியுங்கள், இல்லாவிட்டால் இதே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

பிறகு ஒவ்வொரு திட்டத்துக்கும் பெயர் திருத்த விண்ணப்பம், பாஸ்போர்ட் நகலோடு. மின்னஞ்சலையும் பிறந்த தேதியையும் நீங்களே சரிபாருங்கள். நாளும் மாதமும் இடம் மாறிப் பதிவாகியிருப்பது அடிக்கடி நடப்பது: 04/07 அமெரிக்காவில் ஒன்று, பிரிட்டனில் வேறொன்று.

பழைய பெயரில் ஒன்று, புதுப் பெயரில் ஒன்று என்று ஒரே திட்டத்தில் இரண்டு கணக்கு மட்டும் திறக்காதீர்கள். விதிப்படி ஒருவருக்கு ஒன்றுதான். ஏற்கெனவே இரண்டு இருந்தால் தொலைபேசியில் அழைத்து ஒன்றாக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக கத்தார் கணக்கில் உள்நுழைந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் கணக்கை இணையுங்கள். ஒரு தடவை இணைத்தால் போதும். முதலில் 1,000 ஏவியோஸ் மட்டும் நகர்த்திப் பார்த்துவிட்டு மீதியை நகர்த்துங்கள்.

பெயர் திருத்தியதும் பழைய பயணங்களின் விடுபட்ட மைலையும் கேட்கலாம். சாதாரணமாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரைதான் அனுமதி. போர்டிங் பாஸும், 13 இலக்க டிக்கெட் எண்ணும் தேவை. போர்டிங் பாஸில் பெயரோடு 'எம்ஆர்' ஒட்டிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம், அது மிஸ்டர்தான்.

சாளர_இருக்கை:

மிக்க நன்றி. 04/07 கதைதான் ஒரு கணக்கில், இப்போதுதான் பார்த்தேன். இரண்டு கேள்வி பாக்கி. 27,500 ஏவியோஸில் சென்னைக்குப் போக முடியுமா? சேஸ் பாயிண்டை எதில் போடுவது?

கணக்குப்பிள்ளை:

முதலில் ஒரு சூத்திரம். காசு டிக்கெட் விலையிலிருந்து மைல் டிக்கெட்டுக்குக் கட்ட வேண்டிய வரியைக் கழித்து, மைல் எண்ணிக்கையால் வகுங்கள். காசு விலை 420 டாலர், மைல் டிக்கெட்டுக்கு 24,000 மைலும் 60 டாலர் வரியும் என்றால், 360 ÷ 24,000 = மைலுக்கு 1.5 சென்ட். ஒரு சென்ட்டுக்குக் கீழே வந்தால் காசு கொடுத்துப் பறந்துவிடுங்கள், அந்தப் பயணத்துக்குப் புதிய மைலாவது சேரும்.

27,500 ஏவியோஸை சென்னைக்கு இழுக்க வேண்டாம். அதன் பலம் குறுகிய தூரம். அலாஸ்கா ஏர்லைன்ஸ் 2021-லிருந்து, பிரிட்டிஷ் ஏர்வேஸும் கத்தாரும் இருக்கும் ஒன்வேர்ல்டு என்ற ஏர்லைன் கூட்டணியில் இருக்கிறது, அமெரிக்கனும் அங்கேதான். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சியாட்டில் போன்ற நேரடி விமானத்துக்கு ஏவியோஸோடு 5.60 டாலர் கட்டினால் முடிந்தது. நேரடி என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: பங்காளி விமானங்களில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை போடுவதால் நடுவில் ஓர் இடத்தில் மாறினால் கணக்கு ஏறிவிடும். ஊருக்குப் போயிருக்கும்போது சென்னை–கொழும்பு ஸ்ரீலங்கன் விமானமும் இதே கணக்கில் வரும். அங்கே வரி, சர்சார்ஜ் எவ்வளவு என்று பார்த்துவிட்டு எடுங்கள். கத்தார் தளம், பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளம் இரண்டிலும் அதே இருக்கையைத் தேடுங்கள். கட்ட வேண்டிய காசு வேறுபடலாம், ஏவியோஸோ எந்தப் பக்கமும் போகும்.

சென்னைக்கு உங்களிடம் இருப்பதில் நல்லது அட்வான்டேஜ். அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குப் பங்காளி விமானத்தில் ஒரு வழி எகானமி 40,000, பிசினஸ் 70,000 என்று அட்டவணை விலை. கத்தாரில் தோஹா வழியாகச் சென்னை இந்தக் கணக்கில் வரும், சர்சார்ஜும் அதிகமில்லை. லண்டன் வழியாக பிரிட்டிஷ் ஏர்வேஸில் போனால் அதே மைலுக்கு சர்சார்ஜ் தலையில் விழும். உங்களுக்குக் குறைவது 13,000.

மேற்குவாசல்:

அந்த 13,000-ஐ சேஸ்லேருந்து கொண்டுபோக முடியாது, அங்கே அமெரிக்கன் கிடையாது. 2025 ஜூலைலேருந்து சிட்டி கார்டு சிலதுல முடியும்.

சேஸ் போறது யுனைடெட், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஏர்வேஸ் இந்த மூணுக்கும், உங்க பட்டியல்ல. 1-க்கு 1, ஆயிரம் ஆயிரமா. பிரிட்டிஷ் ஏர்வேஸ் வழியா கத்தாருக்கும் போகும். ஆனா இப்ப எதுலயும் போடாதீங்க. கார்டுல இருக்கிற வரைக்கும் அது எங்கேயும் போகக்கூடிய பாயிண்ட். ஒரு தடவை அனுப்பிட்டா திரும்ப வராது. இருக்கை கண்ணுல பட்ட பிறகுதான் அனுப்பணும். பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு நிமிஷத்துல போயிடும். சிங்கப்பூருக்கு ஒரு நாளுக்கு மேலயும் ஆகலாம், அதுக்குள்ள இருக்கை போயிருக்கலாம். அதனால ஒரே இருக்கை இருக்கிற தேதியை நம்பாம, பக்கத்துத் தேதி இரண்டு மூணு கையில வச்சுக்கிட்டு அனுப்புங்க. கிரிஸ்ஃப்ளையர் 23,400 இருக்கிறதால மேல போட வேண்டியது குறையும்.

மனைவி, பிள்ளைக்கு உங்க கணக்குலேருந்தே எடுக்கலாம். ஆனா கிரிஸ்ஃப்ளையர்ல முன்கூட்டியே அவங்களை நாமினியா சேர்க்கணும், ஐந்து பேர் வரை. ஸ்கைவார்ட்ஸ்ல குடும்பக் கணக்கு இருக்கு, எட்டு பேர் வரை. அதைத் திறந்த பிறகு மூணு பேரும் எமிரேட்ஸ்ல பறந்து சேர்க்கிற மைல் ஒண்ணா சேரும். இப்ப இருக்கிற 9,200-ஐ காசு டிக்கெட்ல கழிச்சுக்கலாம், 2,000 மைல்லேருந்தே முடியும்.

நடு_இருக்கை:

ஒன்று சேர்க்கிறேன். மூன்று பேருக்கும் போகவர ஒரே திட்டத்தில் தேடினால் எதுவும் கிடைக்காது. ஒரு வழி டிக்கெட்டாகத் தேடுங்கள். போவது சிங்கப்பூர் வழி, வருவது தோஹா வழி என்று இரண்டு திட்டங்களில் பிரிக்கலாம். சிதறிக் கிடக்கும் மைலுக்கு இதுதான் சௌகரியம். டிசம்பர், பொங்கல் என்றால் டிக்கெட் திறக்கும் நாளிலேயே பாருங்கள்: சிங்கப்பூரும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் 355 நாள் முன், அமெரிக்கன் 331 நாள் முன். அட்வான்டேஜ் வைத்திருப்பவருக்கு கத்தார் இருக்கை கண்ணில் படுவதற்கு மூன்று வாரம் முன்பே ஏவியோஸ்காரர் எடுத்திருப்பார்.

சிங்கப்பூரையும் சென்னையையும் தனித்தனி டிக்கெட்டாக ஒட்டப் பார்க்க வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை. 6 வயதுப் பிள்ளையோடு அந்த வம்பு வேண்டாம்.

இனி பறக்கும்போது யுனைடெட், ஏர் இந்தியா, சிங்கப்பூர் மூன்றுக்கும், அவை இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் ஒரே திட்டத்தின் உறுப்பினர் எண். கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ், அலாஸ்காவுக்கு ஒரே ஒன்வேர்ல்டு எண். டிக்கெட் எடுக்கும் முன் கட்டண வகுப்பு எழுத்தை (டிக்கெட்டின் விலைப் பிரிவைக் காட்டும் ஆங்கில எழுத்து) பாருங்கள். மலிவு வகுப்புகளுக்குப் பங்காளித் திட்டத்தில் பாதி மைலோ பூஜ்யமோதான் கிடைக்கும். பூஜ்யம் என்றால் அந்த ஒரு பயணத்தை அந்த ஏர்லைனின் சொந்தக் கணக்கிலேயே போட்டுவிடுங்கள். எண்ணை மாற்ற வேண்டுமானால் செக்-இன் முடிவதற்குள் மாற்றுங்கள். ஒரு பயணத்துக்கு மைல் ஒரு இடத்தில் ஏறிவிட்டால் இன்னோர் இடத்துக்கு மாற்றித் தர மாட்டார்கள்.