பால் முதலா, டீ முதலா: உடையாத கோப்பையால் உடைந்த பேச்சு

பீங்கான்பித்தன்:
இங்கே ஒரு "நண்பர்" நேற்று எழுதியது: இங்கிலாந்தில் பிரபுக்கள் வீட்டுக் கோப்பை சூடு தாங்கும், அதனால் டீயை முதலில் ஊற்றினார்களாம். ஏழை வீட்டுக் கோப்பை விரிசல் விடும், அதனால் பாலை முதலில் ஊற்றினார்களாம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இருபது வருடமாகப் பழைய டீ சாமான் சேர்க்கிறேன். இங்கிலாந்தின் பீங்கான் வட்டாரமான ஸ்டாஃபர்ட்ஷைரில் 1820ஐ ஒட்டிச் செய்த கோப்பை என்னிடம் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறேன், ஒரு கீறல்கூட இல்லை. கோப்பை உடையும் என்பது கட்டுக்கதை.

தேரடி வாசகன்:
எழுதியது நான்தான், நேராகவே திட்டலாம். உங்கள் வீட்டுக் கோப்பை உடையவில்லை என்றால் இங்கிலாந்து முழுக்க உடையவில்லையா? 1751-ல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஸ்டர் பீங்கான் ஆலைக்குப் பெயர் வந்ததே அவர்கள் சாமான் கொதிநீர் தாங்கும் என்பதால்தான். களிமண்ணில் மாக்கல் கலந்தார்கள், நம் கல்சட்டி செய்கிற அதே வகைக் கல். மற்றவர்கள் கோப்பை உடையாவிட்டால் உடையாத கோப்பைக்கு எதற்கு அத்தனை மவுசு?

பீங்கான்பித்தன்:
அந்த வூஸ்டரை வாங்கியது யார்? காசுள்ளவர்கள். அப்படியானால் அதற்கு முன்னால் உடைந்தது காசுள்ளவர் வீட்டில்! உங்கள் கதை உங்கள் வாயாலேயே தலைகீழாகிவிட்டது. ஏழை வைத்திருந்தது தடித்த மண்கோப்பை. அது எங்கே உடைய?

தேரடி வாசகன்:
தடித்ததுதான் சார் சீக்கிரம் விரியும். உள்பக்கம் சூடேறி விரியும்போது வெளிப்பக்கம் குளிர்ந்தே இருக்கும். ஊறுகாய் ஜாடியில் வெந்நீர் ஊற்றிப் பாருங்கள்.

நிதானி:
இருவரும் எல்லாவற்றையும் "கோப்பை" என்று ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். சீனத்துக் கடும்பீங்கான் வேறு. ஐரோப்பாவில் அதே போலச் செய்ய 1710-ல் ஜெர்மனியின் மைசன் ஆலை வர வேண்டியிருந்தது. ஆங்கிலேயரின் தொடக்ககால மென்பீங்கான் வேறு. 1790களில் ஸ்டோக்கில் ஸ்போட் ஆலை நிலைநாட்டிய போன் சைனா வேறு. எந்தச் சாமான், எந்தக் காலம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால்...

பீங்கான்பித்தன்:
வகுப்பெல்லாம் அப்புறம் எடுக்கலாம் மேடம். உடையுமா, உடையாதா? என்னுடையது உடையவில்லை.

மாலதி அக்கா:
ஒரு நிமிடம். போன் சைனா என்றால் நிஜமாகவே எலும்பா?

நிதானி:
ஆமாம் அக்கா. கிட்டத்தட்டப் பாதி மாட்டெலும்புச் சாம்பல். மீதி கார்ன்வால் களிமண்ணும் கல்லும்.

மாலதி அக்கா:
ஐயோ! முட்டை கலந்த கேக்கையே வாசலோடு திருப்பி அனுப்புகிற என் மாமியார், வெள்ளிக்கிழமை விரதத்தில் பால் குடிப்பதே அதில்தான். இப்போது சொல்லவா, வேண்டாமா?

குடை ராட்டினம்:
சாம்பலான பிறகு அது எலும்பே இல்லை. திருநீறு எதிலிருந்து வருகிறது என்று யோசியுங்கள்.

மாலதி அக்கா:
திருநீறை ஏன் இழுக்கிறீர்கள்? சாணமும் எலும்பும் ஒன்றா?

குடை ராட்டினம்:
சரி, விடுங்கள். பெரிய ஓட்டலில் ஹைடீ சாப்பிட்டபோது நானே பாலை முதலில் ஊற்றினேன், யாரும் சிரிக்கவில்லை.

தேரடி வாசகன்:
நீங்கள் சாப்பிட்டது ஹைடீயே இல்லை. ஹைடீ என்பது உழைப்பாளி வேலை முடிந்து வந்து இறைச்சி, ரொட்டியோடு உட்காரும் சாயங்காலச் சாப்பாடு. மூன்றடுக்குத் தட்டில் சாண்ட்விச், ஸ்கோன் வந்தால் அது ஆஃப்டர்நூன் டீ. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு மேல் தள்ளிப்போக, நடுவில் பசி தாங்காமல் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா 1840 வாக்கில் ஆரம்பித்த பழக்கம் என்பார்கள்.

பீங்கான்பித்தன்:
பேச்சை மாற்றாதீர்கள். 2003-ல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியே பாலை முதலில் ஊற்றச் சொன்னது. என்ன காரணம்? சுடுடீயில் சொட்டுச் சொட்டாக விழும் பாலின் புரதம் கெட்டுப்போகும் என்பது. கோப்பை உடையும் என்று அல்ல!

தேரடி வாசகன்:
2003-ல் சொன்ன காரணம் 1760-ல் ஊற்றியவளுக்கு எப்படித் தெரியும்? அது இருக்கட்டும், உங்கள் 1820 கோப்பையின் அடியில் என்ன முத்திரை?

பீங்கான்பித்தன்:
கிரீடம். கீழே "போன் சைனா, மேட் இன் இங்கிலாந்து". அசல் சாமான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தேரடி வாசகன்:
இதற்குத்தான் காத்திருந்தேன். இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா போட்ட சட்டம் 1891-ல் நடைமுறைக்கு வந்தது. "இங்கிலாந்து" முத்திரை பரவியது அதன் பிறகு. "மேட் இன்" சேர்ந்தது இன்னும் பிந்தி. உங்கள் 1820 கோப்பை என் தாத்தாவுக்குத் தம்பி முறை.

குடை ராட்டினம்:
😂😂 போன வருடம் ஈ.பி.என்.எஸ். முத்திரை போட்ட கெண்டியை "ஜார்ஜ் மன்னர் காலத்து வெள்ளி" என்று இங்கே படம் போட்டதும் இவர்தானே? அந்த எழுத்துகளுக்கு அர்த்தமே நிக்கல் கலவை மேல் வெள்ளி முலாம். அசல் ஆங்கிலேய வெள்ளியில் நடக்கும் சிங்க முத்திரை இருக்கும்.

பீங்கான்பித்தன்:
அந்தக் கெண்டியை விற்றவன் ஏமாற்றினான், அது வேறு கதை. முத்திரையைப் பின்னால் வந்தவர்கள் குத்தியிருக்கலாம்.

நிதானி:
அது மெருகுக்கு அடியில் இருந்தால் பின்னால் குத்த முடியாது.

பீங்கான்பித்தன்:
உங்களுக்கெல்லாம் கையில் தொட்டுப் பார்த்த அனுபவம் இல்லை, அதுதான் கோளாறு. இதோ இப்போதுகூட அடுப்பிலிருந்து இறக்கி நேராக ஊற்றினேன். என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை.

தேரடி வாசகன்:
1950-ல் செய்த கோப்பையில் ஊற்றினால் என்ன ஆகும்?

பீங்கான்பித்தன்:
1820.

மாலதி அக்கா:
எலும்பு சேர்க்காத கோப்பை எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்களேன். மாமியாரிடம் சொல்லிவிட்டேன். அலமாரியைக் காலி செய்துகொண்டிருக்கிறார்.

பீங்கான்பித்தன்:
காலி செய்வதை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அடியில் என்ன முத்திரை?