மூணாங்கிளாஸ் பையன், வாசிக்கத் திணறுறான்

மதுரைக்காரி: வாயால கேட்டா டக்குடக்குனு பதில் சொல்றான், புக்கை நீட்டினா கொடியை கெடின்னு படிக்கிறான், மிஸ் சோம்பேறிங்கிறாங்க, டிஸ்லெக்ஸியாவா (புத்தி நல்லா இருந்தும் வாசிக்க, எழுதத் திணறுற குறைபாடு) இருக்குமோ?

வாசு: இருக்கலாம் சிஸ்டர். முதல்ல கண்ணு, காது செக் பண்ணிட்டு ஸ்பெஷல் எஜுகேட்டர்கிட்ட அசெஸ்மெண்ட் பண்ணுங்க. சென்னைல மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இருக்கு.

பானு டீச்சர்: 'கொ'வுல கொம்பு முன்னாடி, கால் பின்னாடின்னு பிரிஞ்சு நிக்குதுல்ல, சில பிள்ளைங்க காலை விட்டுடும்மா. ரெண்டையும் ஒரே கலர்ல எழுதிக் காட்டு, ரவைத் தட்டுல விரலால எழுதிக்கிட்டே சத்தமா சொல்லச் சொல்லு, தினம் கொஞ்ச நேரம் போதும். இம்போசிஷன் மட்டும் வேணவே வேணாம், எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல்!

மதுரைக்காரி: சரிக்கா. சர்டிபிகேட் வாங்கணுமா?

வாசு: ஆமா, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல டிஸ்லெக்ஸியாவும் வருது. பின்னாடி பப்ளிக் எக்ஸாம்ல எக்ஸ்ட்ரா டைம், எழுத ஆள் எல்லாம் கேக்கலாம்.