பழைய லேப்டாப் வாங்கப் போனபோது நடந்தது: உங்கள் அனுபவம் என்ன?

பதிவு 1

எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். கீபோர்டில் எல்லா எழுத்தும் விழுந்தது, கீல் இறுக்கமாக இருந்தது, ஸ்க்ரீனில் புள்ளி இல்லை. வீட்டுக்கு வந்து, பழையவர் கணக்கு எதற்கு என்று முழுசாக ரீசெட் போட்டு வைஃபை கொடுத்தேன். திரையில் ஒரு கம்பெனியின் பெயர், லோகோ, "உங்கள் அலுவலக மின்னஞ்சலைத் தருக" என்று ஒரு கட்டம். அவ்வளவுதான், அதைத் தாண்டி எங்கும் போக முடியவில்லை. வேறு எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினாலும் நெட் கிடைத்ததும் அதே லோகோ. இதற்குப் பெயர் ஆட்டோபைலட், கம்பெனிகள் தங்கள் லேப்டாப்புகளைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் தரும் ஏற்பாடு. பூட்டு டிஸ்கில் இல்லை, அந்த மெஷினின் அடையாளமே மைக்ரோசாஃப்டிடம் கம்பெனி பெயரில் பதிவாகி இருக்கிறது.

விற்ற தம்பி நல்லவன். ஆஃபீஸ் பழசு என்று யாரிடமோ வாங்கியிருக்கிறான், அவனுக்கும் தெரியாது. பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, "அண்ணே, இப்ப நான் இதை யார்கிட்ட கொண்டு போய்க் கொடுக்கிறது?" என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. காலேஜ் ஃபீஸ் கட்டத்தான் விற்கிறேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தான்.

பதிவு 2

எனக்கு நடந்தது வேறு. நான் போனபோது லேப்டாப்பைத் திறந்து, கூடவே ஒரு மவுஸையும் செருகி வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் மவுஸிலேயே காட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று டச்பேடை அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது, கிளிக்கே விழவில்லை. ஓரம் மேலே தூக்கியிருந்தது, நகம் உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி. மூடி மேஜையில் வைத்தால் ஆடுகிறது. பேட்டரி உப்பிவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது.

சொன்னேன். "சூட்டுக்கு அப்படித்தான் சார் இருக்கும், ஆறினால் அடங்கிவிடும்" என்றார். அது அடங்காது. செல்லுக்குள்ளே உண்டான வாயு திரும்பிப் போகாது. சார்ஜ் போட வேண்டாம், பேட்டரியை மட்டும் கழற்றிவிட்டுக் கொடுங்கள், அதே விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொன்னேன். விலையைக் குறைக்கப் பேச்சை வளர்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் கிளம்பும்போது அவர் மகன் வந்து அதை மடியில் வைத்துக்கொண்டு மெத்தையில் உட்கார்ந்து கேம் ஆட ஆரம்பித்தான், சார்ஜர் செருகியபடி. இன்னும் அந்தக் காட்சிதான் கண்ணில் நிற்கிறது.

பதிவு 3

முதல் பதிவு போட்ட நண்பர் ரீசெட்டை விற்பவர் முன்னாலேயே செய்திருந்தால் இந்த அலைச்சலே வந்திருக்காது. எனக்கும் ஒருமுறை பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு போட்ட லேப்டாப் மாட்டப் பார்த்தது, உள்ளே போய்ப் பார்த்ததால் தப்பித்தேன். என் கதை அவ்வளவுதான். ஆனால் முதல்முறை வாங்குகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

போகும்போதே போனில் ஹாட்ஸ்பாட் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்பார்கள், நம்பாதீர்கள். ஆஃபீஸ் ரக லேப்டாப்புகள் பலவற்றில் அது தனி சிப்பில் எழுதப்பட்டிருக்கும், கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாது. அப்புறம் பேட்டரி. "நாலு மணி நேரம் நிற்கும்" என்ற வாய்ப்பேச்சு வேண்டாம். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். புதிதில் எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழு சார்ஜில் எவ்வளவு என்று இரண்டு எண்ணும் அதில் இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டிஸ்கின் நிலையைப் பார்க்க கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் போதும், எத்தனை மணி நேரம் ஓடியது என்பது வரை காட்டும். ரேம் போர்டோடு பற்றவைத்ததா, தனி ஸ்லாட்டா என்று மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். மெல்லிசு மாடல்களில் பெரும்பாலும் பற்றவைத்ததுதான், 4 ஜிபி என்றால் கடைசி வரை 4 ஜிபி. சார்ஜரும் ஒரிஜினலா என்று பார்க்க வேண்டும். சில கம்பெனி சார்ஜர்களில் முனைக்குள் மெல்லிய பின் ஒன்று இருக்கும், அது வளைந்தாலோ டூப்ளிகேட் என்றாலோ லேப்டாப் சார்ஜ் ஏறாது, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஆள் "லேப்டாப்பே ஸ்லோ" என்று நினைத்துக்கொண்டிருப்பார். யுஎஸ்பி, கேமரா, மைக், ஹெட்ஃபோன் எல்லாவற்றையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். கடைசியாக ஒரு பத்து நிமிடம் வீடியோ ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள்.

பதிவு 4

பதிவு 3 சொல்வது எல்லாம் சரி, ஆனால் யார் அவ்வளவு நேரம் உட்கார விடுகிறார்கள்? எனக்குக் கிடைத்தது மாடிப்படியில் நின்றுகொண்டு பார்க்கிற நேரம்தான். ரீசெட் முடியவே ஒரு மணி நேரம் பிடிக்கும். பதிவு 1 நண்பரைக் குறை சொல்வது நியாயமில்லை.

என் விஷயம் ஸ்டிக்கர். எனக்கு முன்னால் ஒரு பையன் வந்திருந்தான், அப்பாவோடு. இரண்டு லேப்டாப் இருந்தது. ஒன்றில் இன்டெல் ஐ7-7500யு பிராசசர், இன்னொன்றில் ஐ5-8250யு (கோட்டுக்குப் பின் வரும் 7, 8தான் தலைமுறை). விற்பவர் "ஐ7 சார், ஐ7" என்று ஸ்டிக்கரையே விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அந்த ஐ7இல் வேலை செய்யும் கோர் இரண்டே, ஐ5இல் நான்கு. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக அனுமதிப்பதும், சில விலக்குகள் தவிர, 8ஆம் தலைமுறையிலிருந்துதான். அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். "தம்பி, ஏழு பெரிசா அஞ்சு பெரிசா?" என்று கேட்டுவிட்டு அதிக விலை கொடுத்து ஏழையே எடுத்துக்கொண்டு போனார். பையன் மட்டும் போகும்போது திரும்பி அந்த ஐ5ஐப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அப்பா எதிரில் பேசவில்லை.

பதிவு 5

லேப்டாப் பிரமாதம், அதில் குறையே இல்லை. ஆனால் திறந்ததும் டெஸ்க்டாப்பில் "அம்மா கடைசி" என்று ஒரு ஃபோல்டர். திறக்கவில்லை. விற்றவருக்கு உடனே போன் செய்தேன். ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. "அது அழிஞ்சு போச்சுன்னு நினைச்சேன்" என்றார். அன்று ராத்திரியே பென்டிரைவோடு வந்துவிட்டார். டீ போட்டுக் கொடுத்தேன், குடிக்கவே இல்லை, ஃபைல் காப்பி ஆகிற பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விற்கிறவர்களும் இதைப் படிப்பீர்கள். ஃபோட்டோவை எடுத்து வைத்துவிட்டு விற்றுவிடுங்கள்.

பதிவு 6

பதிவு 4 சொன்னதைப் படித்தால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ளதெல்லாம் குப்பை என்று ஆகிவிடும். அப்படி இல்லை. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது உண்மை. அதனாலேயே நல்ல நல்ல லேப்டாப்புகள் மலிவாக வருகின்றன. கையில் காசு இல்லாதவனுக்கு அதைவிட நல்ல காலம் ஏது? நான் எழுதிக்கொண்டிருப்பது திங்க்பேட் டி430இல், 2012இல் வந்த மாடல். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி, ரேம் 8 ஜிபி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ். தட்டச்சு, பிரவுசர், ஆன்லைன் வகுப்பு எல்லாம் தடையில்லாமல் ஓடுகிறது. வீடியோ எடிட்டிங், புது கேம் என்றால் மட்டும் இது ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பையனுக்கு அப்பா எடுத்துக் கொடுத்த ஐ7லும் மின்ட் போட்டால் நன்றாகவே ஓடும். யாருக்காவது அவனைத் தெரிந்தால் சொல்லுங்கள். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், எதையும் அழிக்க வேண்டியதில்லை. வைஃபை, சவுண்டு, ஸ்லீப் மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் இன்ஸ்டால் செய்யட்டும்.