மறுமொழி: இருகுளோரோமீத்தேனா, ஈர்பாசிக மீத்தேனா?

குழுவினருக்கு வணக்கம்.

டைகுளோரோமீத்தேன் பட்டறைகளில் பெயிண்ட் உரிக்கவும் கிரீஸ் எடுக்கவும் பயன்படும் கரைப்பான். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்வியோடு நீங்கள் அனுப்பிய, பட்டறைத் தொழிலாளர்களுக்கான எச்சரிக்கைத் தாளின் வரைவை இரண்டு முறை படித்தேன். வேதியியல் தெரிந்தவர்கள் எழுதியது என்று பார்த்தவுடன் தெரிகிறது. டிரம்மைத் திறந்து பார்த்தவர்கள் எழுதியதல்ல என்பதும் தெரிகிறது. மருந்து மூலப்பொருள் ஆலை ஒன்றின் கிடங்கில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் வரைவின் வரிகளை எடுத்துக்காட்டிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பரிந்துரை: ஈர்பாசிக மீத்தேன்

குளோரினுக்குத் தமிழில் பாசிகம் என்பது எனக்குப் பிடித்த சொல். 1810இல் டேவி குளோரினுக்குப் பெயர் வைத்தபோது வெளிர்பச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார். பாசி அந்த நிறத்தை அப்படியே பிடித்துவிடுகிறது. ஆனால் 'ஈர்' உயிரெழுத்துக்கு முன்னால் வருவது: ஈராண்டு, ஈராயிரம். மெய்க்கு முன் 'இரு'தான். ஆகவே பாசிகமே வேண்டும் என்றாலும் இருபாசிக மீத்தேன் என்றாக வேண்டும். இது சின்னத் திருத்தம். பெரிய சிக்கல் வேறு. டிரம்மில் குளோரோ என்று இருக்கும், விற்றவர் தரும் தாளில் குளோரோ என்று இருக்கும், மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு போனால் மருத்துவர் தேடுவதும் குளோரோவைத்தான். நம் எச்சரிக்கைத் தாள் மட்டும் பாசிகம் என்றால் அந்த நேரத்தில் யார் பொருத்திப் பார்ப்பது?

உப்பீனி என்ற சொல்லுக்கு மட்டும் என் ஓட்டு உண்டு. உப்பை ஈனுவது உப்பீனி. குளோரின் வகைத் தனிமங்களைக் குறிக்கும் ஹாலஜன் என்பதன் பொருளும் அதுவே. 'உப்பீனியேறிய ஐதரோகார்பன்' என்று வகைப்பெயராகக் கட்டுரையில் எழுதலாம். எச்சரிக்கைத் தாளில் வேண்டாம். உப்பு என்று பார்த்ததும் ஆபத்தில்லாத பொருள் என்று நினைத்துவிடுவார்கள்.

சரி, டிரம்மைப் புழங்குகிறவர்கள் இதை என்னவென்று சொல்கிறார்கள்? எம்.டி.சி. மெத்திலீன் டைகுளோரைடின் சுருக்கம். (தமிழில் எழுதினால் சென்னை மாநகரப் பேருந்தும் எம்.டி.சி.தான். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனிடம் 'எம்.டி.சி. வந்தாச்சா' என்று கேட்டதற்கு, 'நான் ஷேர் ஆட்டோவில் வந்தேன் சார்' என்றான்.) மெத்திலீன் குளோரைடு என்றும் சொல்வதுண்டு. எனக்கு அச்சம் தருவது அந்தப் பெயர்தான். மெத்தில் குளோரைடு என்று இன்னொன்று இருக்கிறது. அது மைனஸ் 24 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், எரியும் வாயு. நடுவே வேறுபடுவது 'லீன்' மட்டும். கையெழுத்து மோசமாக இருந்தால் அதுவும் போச்சு.

அதனால் என் பரிந்துரை எண்ணைக் காட்டும் பெயர்: ஒருகுளோரோமீத்தேன், இருகுளோரோமீத்தேன், முக்குளோரோமீத்தேன், நாற்குளோரோமீத்தேன். மீத்தேனில் குளோரின் ஏற்றும்போது நான்கும் கலந்தே பிறக்கின்றன, பிறகு காய்ச்சி வடித்துப் பிரிக்கிறார்கள். கொதிநிலை முறையே மைனஸ் 24, 40, 61, 77 பாகை. எண் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறுகிறது, பெயரிலேயே அந்த வரிசை தெரிந்துவிடும். மூன்றாவது நம் பழைய குளோரோஃபார்ம். அதை மட்டும் யாரும் மாற்றிக் கூப்பிடப் போவதில்லை, பழைய பெயரையும் பக்கத்தில் போட்டுவிடலாம். ஈழத்து நண்பர்கள் மீத்தேனை மெதேன் என்று எழுதுவார்கள். முன்னொட்டு ஒன்றாக இருந்தால் போதும்.

> எளிதில் எரியாத, பாதுகாப்பான கரைப்பான்

இந்த வரியை எடுத்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தின்னர் போலத் தீப்பொறி பட்டவுடன் பற்றிக்கொள்ளாது என்பது உண்மை. அந்த ஒரு குணத்துக்காகத்தான் பட்டறைகள் இதற்கு மாறின. ஆனால் அதன் ஆவி காற்றில் 13 முதல் 23 சதவீதம் வரை இருந்தால் பற்றும். அதைவிட மோசம், பக்கத்தில் வெல்டிங் நடந்தாலோ பழுக்கக் காய்ந்த இரும்பில் ஆவி பட்டாலோ ஹைட்ரஜன் குளோரைடும் போஸ்ஜீனும் உண்டாகும். போஸ்ஜீன் முதல் உலகப்போரில் ஆளைக் கொன்ற அதே வாயு. 'எரியாத' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பான' என்று எழுதவே கூடாது.

கொதிநிலை 40 பாகை என்று வரைவில் வெறும் எண்ணாக இருக்கிறது. அதற்கு என்ன பொருள் என்று எழுதுங்கள். மே மாத மதியம் வெயிலில் நின்ற டிரம்மின் மூடியைச் சாவி போட்டுத் திருகினால் 'உஸ்ஸ்' என்று சீறும். அரைச் சுற்றுத் திருகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சீறல் அடங்கும்வரை நிற்க வேண்டும். கையில் ஒரு துளி பட்டால் ஐஸ் வைத்ததுபோல் சில்லென்றிருக்கும், பிறகுதான் எரிச்சல். தண்ணீரைவிடக் கனம், லிட்டர் ஒன்றே கால் கிலோவுக்கு மேல் நிற்கும். அதன் ஆவி காற்றைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். அது மேலே போகாது, பள்ளத்தில்தான் தேங்கும்.

அமெரிக்காவில் குளியல் தொட்டிகளின் பழைய பூச்சை இதை ஊற்றிச் சுரண்டி எடுப்பது ஒரு தொழில். 2000 முதல் 2011 வரை அப்படி வேலை செய்த 13 பேர் இறந்தார்கள். குளியலறை சின்னது, தொட்டி ஒரு பள்ளம், குனிந்தவர் தலை அந்தப் பள்ளத்துக்குள். 2019இல் வீட்டு உபயோகத்துக்கான பூச்சு உரிப்பான்களில் இதை அங்கே தடை செய்தார்கள், 2024இல் தடையை இன்னும் விரித்தார்கள். புற்றுநோய்க்கான பன்னாட்டு முகமை இதை 2014இல் 'பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற 2ஏ பிரிவில் வைத்தது.

இன்னொன்றும் வரைவில் இல்லை. மூச்சில் போன இருகுளோரோமீத்தேனை உடல் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவாக மாற்றுகிறது. 1972இலேயே கண்டறிந்த விஷயம். வெளியே வந்து நல்ல காற்றைச் சுவாசித்த பிறகும் உள்ளே அது உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். நெஞ்சுவலிக்காரருக்கு இது கூடுதல் ஆபத்து. 'வாசனை வந்தால் விலகுங்கள்' என்பதும் போதாது. அந்த இனிப்பு வாடை மூக்குக்குத் தெரிவதற்குள் அளவு பாதுகாப்பு எல்லையைத் தாண்டியிருக்கும்.

> வண்ணநீக்கி

நீக்கி என்றால் துடைத்து எடுப்பதுபோல் இருக்கிறது. இது செய்வது வேறு. தடவிச் சில நிமிடத்தில் பெயிண்ட் உப்பி, சுருங்கி, வெயிலில் உரிந்த முதுகுத் தோல்போல் எழும்பி வரும். உரிப்பதுதான் இதன் வேலை. வார்னிஷையும் எடுக்கும் என்பதால் வண்ணம் என்பதைவிடப் பூச்சு சரி: பூச்சு உரிப்பான். சேர்த்து எழுதாதீர்கள். 'பூச்சுரிப்பான்' என்று எழுதிக் காட்டியபோது என் மனைவி பூச்சிரிப்பான் என்று படித்துவிட்டு, யார் அந்த நல்ல மனுஷன் என்று கேட்டார்.

கிரீஸ் எடுக்கும் கரைப்பானுக்கு 'கொழுப்பகற்றி' வேண்டாம், அது மருந்துக்கடைச் சொல். பட்டறையில் பிசுக்கு என்பார்கள். பிசுக்கு நீக்கி போதும்.

கையுறை பற்றி: நீல நைட்ரைல் ரப்பர் உறையை நம்ப வேண்டாம், ஓரிரு நிமிடத்தில் ஊடுருவிவிடும். கரி அடைத்த வடிகட்டி பொருத்திய சாதாரண முகமூடியும் இதைச் சீக்கிரமே கசிய விட்டுவிடும்.

கடைசியாக, 'காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும்'. மேலே மின்விசிறி சுற்றினால் காற்றோட்டம் என்றுதான் பாதிப் பேர் எண்ணுகிறார்கள். ஆவி தரையில் கிடப்பதால் வெளியே இழுக்கும் விசிறியும் தரையோரமாக இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு 'இழுவிசிறி' என்று எழுதிப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. யாரிடமாவது இதைவிட நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் என்றே போட்டு, தரையிலிருந்து ஓரடிக்குள் என்று பெரிய எழுத்தில் அச்சடித்துவிடலாம்.