குப்பைமேடு போய்விட்டது, அடிமண்ணுக்கு யார் பணம் தருவார்கள்? அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

கீழக்கரைப் பக்கத்து ஆள்:
எங்கள் ஊர்க் குப்பைக்கிடங்கில் இருந்து கடல் கூப்பிடு தூரம்தான். முன்பு அந்த மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தோம். இந்தக் கரையில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீர் மேல் மெல்லிசாக நிற்கும். அதன் தலையில்தான் ஊர்க்குப்பை மொத்தமும் கொட்டினார்கள். மணலில் குப்பைச்சாறு எங்கே நிற்கப்போகிறது?

அப்புறம் பயோமைனிங், அதாவது பழைய குப்பையைக் கிளறிப் பிரித்து அகற்றும் வேலை, வந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் பழைய குப்பைக்கு டன்னுக்கு 550 ரூபாய் கணக்கு. ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள ஊர் என்றால் பாதியை மத்திய அரசு தரும். கிளறிக் காயவைத்து, சுழல் சல்லடையில் சலித்து, எரியக்கூடிய பிளாஸ்டிக்கையும் துணியையும் சிமெண்ட் ஆலைக்கு அனுப்பினார்கள். வேலையில் குறை சொல்ல மாட்டேன், ஆடிக் காற்றில் சலித்ததைத் தவிர. வீட்டில் சோற்றை மூடிவைத்துத்தான் சாப்பிட்டோம்.

இப்போது அங்கே பூங்கா என்கிறார்கள். மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்தீர்களா என்று கேட்டேன். "எஸ்டிமேட்ல அது இல்லீங்க" என்றார் மேற்பார்வையாளர். பணம் டன்னுக்குத்தானே வருகிறது, கீழே இறங்கியதை எந்த எடைமேடையில் நிறுத்துவது?

2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. சந்தேகப்படும் இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கெடுத்தவர்தான் செலவை ஏற்கணும். ஆள் கிடைக்காவிட்டால் மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். (எங்கள் ஊரில் கெடுத்தவரைத் தேடினால் தெருவே வரிசையில் நிற்கணும்.) ஆனால் கிடங்குக் குப்பைக்கு அந்த விதி பொருந்தாது. ஆபத்தான ரசாயனம் கலந்து, விதி சொல்லும் அளவைத் தாண்டியிருந்தால் மட்டும் உள்ளே வரலாம். தாண்டியதா என்று தெரிய யாராவது சோதிக்க வேண்டுமே!

தொண்டிக்காரன்:
காக்கா (அண்ணே), உங்களுக்குச் சல்லடையாவது வந்தது. எங்கள் நிலம் இறால் பண்ணைக்குக் குத்தகைக்குப் போய், நோய் விழுந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோரத்தைக் கெடுத்த பண்ணைக்காரர்தான் சீராக்கும் செலவையும் தரணும் என்றது. எங்களிடம் குத்தகைக்கு எடுத்தவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. பட்டா மட்டும் எங்கள் பெயரில். அலுவலகத்தில் கேட்டால் மண்ணைத் திருத்த ஜிப்சம் மானியம் என்கிறார்கள். ஜிப்சம் போட்டாலும் உப்பைக் கழுவி வடிக்க நல்ல தண்ணீர் வேண்டும். அது இருந்தால் நாங்கள் ஏன் குத்தகைக்கு விடுகிறோம்? இப்போது முழுக்கச் சீமைக்கருவேலம்.

கீழக்கரைப் பக்கத்து ஆள்:
தம்பி, ஐப்பசி மழையை வரப்பு உயர்த்தித் தேக்கி, வடிகால் வெட்டி விட்டுப் பார்த்தீர்களா? ஒரு மழைக்காலம் போதாது, ஆனால் அரசை எதிர்பார்க்காமல் செய்யக்கூடியது அதுதான். நான் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்கப்போகிறேன். ஈயம், காட்மியம் தவிர வேறு என்னென்ன பார்க்கச் சொல்வது?